பாட்டியின் முகமும் பிளேயரின் செட்டப் மெனுவும்

பாட்டி பேசுகிற வீடியோ எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கேசட்டில் எடுத்ததைப் பிற்பாடு டிவிடியில் ஏற்றி வைத்தோம். பழைய பிக்சர் டியூப் டிவி போய் அகலத் திரை டிவி வந்த பிறகு அந்த டிஸ்க்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாள் அம்மா கேட்டார். பரணிலிருந்து பிளேயரை இறக்கித் தூசி தட்டி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருகி ஓடவிட்டேன். படம் வந்தது, குரலும் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கம்மா முகம் இப்படி இருக்காதே" என்றார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாட்டியின் ஒடுங்கிய முகம் பக்கவாட்டில் இழுபட்டு உருண்டையாகியிருந்தது. பின்னால் சுவரில் இருந்த வட்டக் கடிகாரம் முட்டை வடிவத்தில் தெரிந்தது. டிஸ்க்கில் கீறல் இல்லை, டிவி புதிது, பிளேயரும் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அம்மாவுக்குத் தெரிந்த முகம் திரையில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பழைய டிஸ்க்குகள் உள்ள எந்த வீட்டுக்கும் இது உதவும்.

முதலில் ஒன்று. டிவிடி பிளேயருக்குக் கண் கிடையாது. மஞ்சள் வயரின் அந்தப் பக்கம் எந்த மாதிரி டிவி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. யாரோ, என்றோ செட்டப் மெனுவில் சொல்லி வைத்ததை நம்பித்தான் படத்தை அனுப்பும். எங்கள் பிளேயரிடம் சொல்லி வைத்திருந்தது, எதிரே இருப்பது 4:3 டிவி, அதாவது அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு உள்ள பழைய வடிவ டிவி என்பது. அன்றைக்கு அது உண்மைதான். 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அந்த வடிவ டிவிகள். அதனால் பல பிளேயர்கள் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 4:3 என்றுதான் இருக்கும். டிவியை மாற்றிய நாங்கள் பிளேயரிடம் அதைச் சொல்லவே இல்லை.

ரிமோட்டில் செட்டப் பட்டனை அழுத்தினால் 'டிவி டிஸ்ப்ளே', 'டிவி டைப்', 'டிவி ஷேப்' என்று ஏதோ ஒரு பெயரில் இந்த வரி இருக்கும். உள்ளே 4:3 பேன் ஸ்கேன், 4:3 லெட்டர் பாக்ஸ், அகலத் திரைக்கான 16:9 என்று மூன்று தேர்வுகள். சில பிளேயர்களில் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது சில வரிகள் மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க விடாது. பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டாப் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் முறை அழுத்தும்போது, விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பாதி நிற்கும். இரண்டாவது முறைதான் முழுதாக நிற்கும். அப்படியும் மசியாவிட்டால் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். எங்களுடையது அந்த ரகம்.

இந்த மூன்று தேர்வுகளின் வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அகலத் திரைக்கென்று தயாரித்த டிஸ்க்கில் படம் இரு பக்கமும் நெருக்கப்பட்டு, ஆட்கள் ஒல்லியாகத் தெரியும்படி பதிவாகியிருக்கும். நம் ஊரில் வழங்கும் பிஏஎல் முறை டிஸ்க்கில் ஒரு ஃபிரேமுக்கு 720×576 புள்ளிகள். அமெரிக்கா, ஜப்பானில் வழங்கும் என்டிஎஸ்சி முறை டிஸ்க் என்றால் 720×480. பிளேயரில் 16:9 வைத்தால் அந்த ஒல்லிப் படத்தை அப்படியே அனுப்பிவிடும், டிவி அதை அகலமாக விரித்துக்கொள்ளும். லெட்டர் பாக்ஸ் வைத்தால் பிளேயரே படத்தின் 576 கிடைவரிகளை 432 வரிகளாகச் சுருக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு அனுப்பும். பேன் ஸ்கேன் வைத்தால் இரு ஓரங்களையும் வெட்டி எறிந்துவிடும். இந்த இரண்டும் டியூப் டிவிக்காகச் செய்துவைத்த ஏற்பாடு. அகலத் திரை டிவி வைத்துக்கொண்டு லெட்டர் பாக்ஸில் விட்டால், டிஸ்க்கில் இருக்கிற வரிகளில் நான்கில் ஒரு பங்கு டிவிக்கு வந்து சேர்வதே இல்லை.

சோதனைக்கு ஒரு சினிமா டிஸ்க்கைப் போட்டபோது இது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. லெட்டர் பாக்ஸில் ஆட்கள் குட்டையாக, நசுங்கி இருந்தார்கள். டிவியில் ஜூம் போட்டால் உருவம் சரியானது, ஆனால் எல்லாம் மங்கல். பிளேயரை 16:9க்கு மாற்றி, டிவியின் ஜூமை எடுத்துவிட்டேன். அதே காட்சியில் சட்டையின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. காசு செலவில்லாமல் ஒரே ஒரு வரியை மாற்றியதில் கிடைத்த இவ்வளவு பெரிய முன்னேற்றத்தை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. மற்ற எதையும் தொடாவிட்டாலும் இதை மட்டுமாவது இன்றே பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. 16:9 வைத்த பிறகும் பல சினிமாக்களுக்கு மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும். அது தப்பில்லை. திரையரங்குக்காக 2.35:1 மாதிரி இன்னும் அகலமாக எடுத்த படங்கள் அப்படித்தான் வரும். பட்டையை ஒழிக்கிறேன் என்று ஜூமை அழுத்தினால் ஓரத்தில் நிற்கிற ஆள் காணாமல் போவார்.

சினிமா சரியாகிவிட்டது. மறுபடி பாட்டியின் டிஸ்க்கைப் போட்டால் முகம் இன்னும் அகலமாகத்தான் இருந்தது! திரும்ப லெட்டர் பாக்ஸ், பேன் ஸ்கேன் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. காரணம் எளிது. பாட்டியின் வீடியோ கேசட்டில் 4:3ஆக எடுத்தது. அந்த மாதிரி டிஸ்க்கை எங்கள் பிளேயர் எந்தத் தேர்விலும் முழு ஃபிரேமாக அனுப்பிவிடுகிறது. அதைப் பிடித்து அகலமாக இழுப்பது டிவி. ஆகவே மருந்தும் டிவி ரிமோட்டில்தான் இருந்தது. படத்தின் வடிவை மாற்றுகிற பட்டனை, 'பிக்சர் சைஸ்' என்றோ 'ஆஸ்பெக்ட்' என்றோ எழுதியிருக்கும், அழுத்தி 4:3க்குக் கொண்டுவந்தேன். கடிகாரம் வட்டமானது. முகம் ஒடுங்கியது.

"இதுதான்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

தம்பிக்குத்தான் மனசில்லை. இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே, இவ்வளவு பெரிய டிவி வாங்கி என்ன பயன் என்றான். அந்தக் கறுப்பில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, கேமரா அங்கே எதையும் பிடிக்கவே இல்லை என்று சொல்லிப் புரியவைத்தேன். எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே வயரில் போகிற இணைப்பு) உள்ள பிளேயர்கள் சிலவற்றில், 4:3 டிஸ்க் வந்தால் தானாகவே இரு ஓரமும் கறுப்பு வைத்து அனுப்புகிற தேர்வு டிவி வடிவ வரியிலேயே கூடுதலாக இருக்கும். அது இருந்தால் டிவி ரிமோட்டைத் தேட வேண்டாம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாட்டியின் புடவைக் கரையில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. நெருக்கமான கோடுகள் வந்த இடத்தில் வானவில் மாதிரி நிறம் அலைந்தது. அது மஞ்சள் வயரின் குணம். காம்போசிட் என்கிற அந்த ஒற்றை வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்கும்போது முழுதாகப் பிரிய மாட்டேன் என்கின்றன. எஸ்-வீடியோ என்கிற இன்னொரு வகை வயரில் இரண்டும் தனித்தனியாகப் போகும். காம்போனன்ட் என்கிற இணைப்பில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயர். பச்சையில் வெளிச்சம், மற்ற இரண்டில் நிறத்தின் விவரம். எங்கள் பிளேயரின் முதுகில் அந்த மூன்று ஓட்டைகளும் இருந்தன, இத்தனை வருடமும் நாங்கள் தொட்டதே இல்லை. தனியாகக் காம்போனன்ட் வயர் வேண்டும் என்றுகூட இல்லை. கையில் இருந்த இன்னொரு மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரையே வைத்துச் சோதித்தேன். சிறிய தூரத்துக்கு வேலை செய்யும். வயரின் நிறம் நமக்கு அடையாளத்துக்குத்தான், இந்த முனையில் எது எங்கே போகிறதோ அந்த முனையிலும் அது அங்கே போனால் போதும்.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். காம்போனன்ட்டில் ஒரு சிவப்பு, ஆடியோவில் ஒரு சிவப்பு. இரண்டையும் மாற்றிச் செருகியதில் முகங்கள் பச்சை பூத்துப்போயின, ஸ்பீக்கரில் ஒரு பக்கம் கர்ரென்று இரைச்சல். அதைத் திருத்தி, நீலத்தையும் சிவப்பையும் இடம் மாற்றிவிட்டேன். எல்லோரும் நீல முகத்தோடு பேசினார்கள். இதையெல்லாம் பயந்துகொண்டு செய்ய வேண்டியதில்லை, எதுவும் எரிந்துபோகாது. திரையில் வருகிற கோளாறே எந்த வயர் என்று சொல்லிவிடும்.

கறுப்பு-வெள்ளையாக வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இப்போதைய டிவிகள் பலவற்றில் மஞ்சளுக்குத் தனி ஓட்டை இல்லை, காம்போனன்ட்டின் பச்சை ஓட்டையிலேயே மஞ்சளையும் செருக வேண்டும். அப்படிச் செருகிவிட்டு டிவியில் 'காம்போனன்ட்' என்று தேர்ந்தெடுத்தால் நிறம் வராது, 'ஏவி' என்று தேர்ந்தெடுத்தால் வரும். இன்னொரு காரணம் நிற முறை. பிஏஎல் டிஸ்க்கில் நொடிக்கு 25 ஃபிரேம், என்டிஎஸ்சி டிஸ்க்கில் 29.97. நிறத்தைச் சுமக்கிற அலைவரிசையும் வேறு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய டிஸ்க்கைப் பழைய டிவியில் போட்டபோது படம் நிறமில்லாமல் மேல்நோக்கி உருண்டுகொண்டே போனது அதனால்தான். நான் கண்டுபிடித்த வழி இது: பிளேயரின் சொந்த மெனுவை வரவழைத்துப் பாருங்கள். மெனுவும் நிறமில்லாமல் இருந்தால் முதலில் வயரையும் டிவியின் இன்புட்டையும் சந்தேகப்படுங்கள். மெனு நிறத்தோடு வந்து ஒரு குறிப்பிட்ட டிஸ்க் மட்டும் வெளுத்துப்போனால் நிற முறை. இப்போதைய டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும் என்பதால் செட்டப்பில் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' வைப்பதே நல்லது. ஒன்றை மட்டும் பிடிவாதமாக வைத்தால் பிளேயர் ஃபிரேம்களைக் கூட்டிக் குறைத்து மாற்றித் தர வேண்டியிருக்கும், கேமரா நகரும் காட்சிகளில் அது தட்டுத் தட்டாகத் தெரியும்.

இனி, என்னைப் பயமுறுத்திய சங்கதி. செட்டப் மெனுவில் 'ப்ராக்ரஸிவ்' என்று ஒன்றைப் பார்த்தேன். சாதாரணமாகப் பிளேயர் ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த முறையும் அனுப்பும். ப்ராக்ரஸிவில் எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் அனுப்பும். நல்லதுதானே என்று தேர்ந்தெடுத்தேன். திரை கறுத்துவிட்டது. அப்போது படம் வந்துகொண்டிருந்தது மஞ்சள் வயரில். மஞ்சள் வயராலும் எஸ்-வீடியோவாலும் ப்ராக்ரஸிவைச் சுமக்க முடியாது. பல பிளேயர்கள் ப்ராக்ரஸிவுக்குப் போனதும் மஞ்சளை அணைத்தே விடுகின்றன. படம் இல்லை என்றால் மெனுவும் இல்லை. மெனு இல்லாமல் எப்படித் திரும்ப மாற்றுவது? பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் கழித்துப் போட்டேன், அப்படியே இருந்தது. செட்டிங்குகள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால் அது பலிக்காது. அம்மாவின் டிஸ்க் வேறு உள்ளே மாட்டியிருந்தது. அந்த நேரத்தில் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளியே வர மூன்று வழிகள் உண்டு என்று அப்புறம் தெரிந்தது. டிவியில் காம்போனன்ட் இருந்தால் அந்த மூன்று வயரைச் செருகினால் போதும், படம் அங்கே வந்துகொண்டிருக்கும். நான் தப்பித்தது அப்படித்தான். டிவி பழையது, ப்ராக்ரஸிவை ஏற்காது என்றால், பிளேயர் ரிமோட்டை உற்றுப் பாருங்கள். பல ரிமோட்டுகளில் 'வி-மோட்', 'பி-ஸ்கேன்', 'வீடியோ' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். முழுதாக ஸ்டாப் செய்துவிட்டு அதை ஒவ்வொரு முறையாக, நடுவில் சில நொடி பொறுத்து அழுத்தினால் ஒவ்வொரு வெளியீடாக மாறி மஞ்சளுக்கும் வந்து சேரும். அதுவும் இல்லையென்றால் பிளேயரோடு வந்த புத்தகத்தில் ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பும் வழி இருக்கும். ஆகவே ப்ராக்ரஸிவைத் தொடுவதற்கு முன்பே காம்போனன்ட் வயரைச் செருகி, அதில் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு மாற்றுங்கள். உள்ளே இருக்கிற டிஸ்க்கையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வைத்த ப்ராக்ரஸிவ் எல்லா டிஸ்க்குக்கும் நல்லதா என்றால், இல்லை. சினிமா அழகாக வந்தது. பாட்டியின் வீடியோவில் யாராவது கையை வேகமாக அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் கிளம்பின. வீடியோ கேமராவில் எடுத்தவற்றில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவை. எங்கள் பழைய பிளேயருக்கு அவற்றைச் சரியாக இணைக்கத் தெரியவில்லை, புதிய டிவிக்குத் தெரிந்தது. அதனால் ப்ராக்ரஸிவை அணைத்துவிட்டு, காம்போனன்ட் வயரிலேயே சாதாரணமாக அனுப்பும்படி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதுதான் நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டில் மாறலாம், ஓடுகிற குழந்தையோ அசைகிற கையோ உள்ள காட்சியில் இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் என்றால் வேலை சுலபம். ஒரே வயர், நிறம் மாறிச் செருகும் பேச்சே இல்லை. தம்பி வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பெட்டியில் 1080பி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதற்குரிய 1920×1080 என்பது 720×576ஐப் போலச் சரியாக ஐந்து மடங்கு புள்ளிகள். டிஸ்க்கில் இருப்பது ஒரு பங்குதான், மீதியைப் பிளேயர் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அந்த வேலையை டிவியும் செய்யும். 576பி (டிஸ்க்கில் உள்ள 576 வரிகள் அப்படியே) வைத்து ஒரு முறை, 1080பி வைத்து ஒரு முறை பாருங்கள், எது இயல்பாகத் தெரிகிறதோ அதை விட்டுவிடுங்கள். அங்கே எனக்கு உறுத்தியது வேறு. கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை பிளேயர் 16 முதல் 235 வரை அளவு வைத்து அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொண்டால் அப்படி வரும். நேர்மாறானால் நிழலில் உள்ளவை எல்லாம் கறுப்புக்குள் மூழ்கிவிடும். டிவியில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்றோ 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்றோ இருக்கிற வரியை மாற்றியதும் தெளிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளேயரை விசிஆர் (வீடியோ கேசட் பிளேயர்) வழியாக டிவிக்குக் கொடுத்திருந்தால், காப்பித் தடுப்பு உள்ள டிஸ்க்குகளில் படம் இருண்டும் வெளிச்சமாயும் மாறி மாறி வரும். நேராக டிவிக்குக் கொடுங்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மிச்சம் இருந்தது வெளிச்சம்தான். பிளேயர் மெனுவிலும் ஷார்ப்னஸ், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இருக்கும், டிவியிலும் இருக்கும். டியூப் டிவி மங்கிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் பிளேயரில் கான்ட்ராஸ்ட்டையும் ஷார்ப்னஸையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தோம். புதிய டிவியோ 'விவிட்' என்கிற பளபளப்பு மோடில் இருந்தது. இரண்டும் சேர்ந்து பாட்டியின் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டிருந்தன. பிளேயரில் இருந்த மூன்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். டிவியை 'சினிமா' மோடுக்கு மாற்றி, அங்கேயும் ஷார்ப்னஸைக் குறைத்தேன். சில சினிமா டிஸ்க்குகளின் மெனுவில் டிஹெச்எக்ஸ் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கும், பிரைட்னஸ் வைக்க அதன் சோதனைப் படங்கள் நல்ல துணை. என்னிடம் அது இல்லை. கறுப்புப் பட்டை கறுப்பாகவே இருக்க வேண்டும், அதே சமயம் கறுப்பு உடையின் மடிப்பு தெரிய வேண்டும் என்று கண்ணளவில் ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினேன். முதலில் படம் உயிரில்லாததுபோல் தோன்றியது. விவிட் மோடுக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும், பத்து நிமிடம் பொறுத்தால் முகத்தின் நிறம் முகத்தின் நிறமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சரி என்று அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். பின்னால் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. அதுவரை அது வெறும் கறுப்புச் சதுரமாகத்தான் இருந்தது. இப்போது அந்த இருட்டுக்குள் ஒரு நாற்காலியின் கை தெரிந்தது. அதன்மேல் ஒரு முழங்கை.

"நிறுத்து" என்றார் அம்மா. பாஸ் அழுத்தினேன். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே தாத்தா உட்கார்ந்திருந்தார். பாட்டி பேசுவதைக் கேட்டபடி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி.